சட்டியைத் திருப்பிக் கொடுக்காதே

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சமையலறை வாசலில் நின்று, கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு, "அப்பா, மெல்பேர்னுக்கு எங்களைப் பாக்க வருவீங்களோ, மாட்டீங்களோ? ஒரு பதிலைச் சொல்லுங்கோ" என்று கேட்டாய். நான் வழக்கம்போலப் "பாப்பம்" என்றேன். லண்டனில் பிறந்து வளர்ந்தவனானாலும் எங்கள் ஆட்களின் "பாப்பம்" எப்படிப்பட்டது என்று உனக்கு நன்றாகத் தெரியும். கலியாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டு அந்தப் பதில் கிடைத்தால், வீட்டுக்காரர் ஒரு சாப்பாட்டைக் குறைத்தே ஓடர் கொடுப்பார். "ஓகே அப்பா" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனாய். உன் கார் தெருமுனையில் திரும்பும்வரை நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அடுத்த மாதம் நீயும் மருமகளும் விமானம் ஏறுகிறீர்கள். சில வருடம்தான் என்கிறாய். வேலை பிடித்துக்கொண்டால் அங்கேயே இருந்தும் விடலாம். அதற்கு முதல் உனக்கு ஒழுங்கான பதில் ஒன்று சொல்லிவிட வேண்டும். வாயால் சொல்லப் போனால் திரும்பவும் "பாப்பம்" என்றுதான் வரும், அதனால் எழுதுகிறேன். பதில் நேரே வராது. முதலில் சட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் கதைகள் உனக்குப் பழக்கம்தானே, ஒரு தேத்தண்ணியைப் போட்டு வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி.

போன விண்டரில் அம்மா போனபோது இந்த வீட்டுக்கு எத்தனை சட்டிகள் வந்தன என்று நினைவிருக்கிறதா? செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று எங்கள் சங்கத்து ஆட்கள் முறைபோட்டுக்கொண்டு சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். சட்டிகள் வோஷிங் மெஷினின் மேலும் மாடிப்படியிலும்கூட இருந்தன. காரியமெல்லாம் முடிந்த அடுத்த நாள் நீ சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினாய். எல்லாவற்றையும் டிஷ்வோஷரில் போட்டு மினுக்கி, வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து, "ஹாய் ஆன்ட்டீஸ், இதெல்லாம் ஆரின்ரை சட்டி?" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டாய். ஒவ்வொரு சட்டியின் அடியிலும் நகப்பூச்சால் ஒரு அடையாளம் இருக்கும், அதைக் கொண்டு சொந்தக்காரரைக் கண்டுபிடித்தாய். பிறகு சட்டிக்குள் ஒரு தேங்க் யூ கார்ட்டும் வைத்து, குரோய்டனில் தொடங்கி ஆர்ச்வே வரைக்கும் காரில் ஓடி ஓடிக் கொடுத்துவிட்டு வந்தாய். "அப்பா, டோன்ட் வொறி, எல்லாம் குடுத்தாச்சு. இனி ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை" என்றாய். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் இவ்வளவு பொறுப்பா என்று பெருமைப்பட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மணியை ஒருவரும் அடிக்கவில்லை.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரவல் வாங்கியதை உடனே திருப்பிக் கொடு என்று உன்னை வளர்த்தவர்கள் நாங்கள்தான். ஆனால் அந்தச் சட்டிகள் இரவல் இல்லை. அவை என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியவள் அம்மா, அன்றைக்கு அவள் இல்லை.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஆர்ச்வேயில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தேன். என்னோடு குணம் என்று ஒரு பெடியன். குரோய்டனில் அகதிகள் பதியும் கந்தோர் வரிசையில் பழக்கமானவன். இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டு, "கடிதம் வரும், போங்கோ" என்ற மாதிரிச் சொல்லி அனுப்பினார்கள். அவன் நன்றாகப் பாடுவான், படுமோசமாகச் சமைப்பான். பருப்பு அடிப்பிடித்தால் ஒரு பாட்டை எடுத்துவிட்டுச் சமாளிப்பான். கடிதம் வருவதற்கு முதலே அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அவன் திரும்பி வரவில்லை. இங்கே அவனுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அதனால் எங்கள் அறைதான் செத்த வீடு, நான்தான் செத்த வீட்டுக்காரன். முருகன் கோவிலில் கேள்விப்பட்ட சனம் வந்தது. கட்டில் ஓரத்திலும் படியிலும் இருந்தார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனார்கள்.

எங்கள் ஆட்கள் எங்கிருந்து புறப்பட்டாலும் "போறன்" என்று சொல்ல மாட்டார்கள், "வாறன்" என்றுதான் சொல்வார்கள். கடைக்குப் போகிறவனும் வாறன், கடல் கடந்து போகிறவனும் வாறன். ஒரேயொரு இடத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்கு அனுமதி இல்லை. செத்த வீட்டில் "போட்டு வாறன்" என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாகிவிடும். அதனால் விடைபெறாமல்தான் போக வேண்டும். ஊரில் அதனால் ஒரு குறையும் இல்லை. சொல்லாமல் போனவர் பக்கத்து வளவுக்காரர், விடிந்தால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்பார். லண்டனில் சொல்லாமல் போனவர் நோதர்ன் லைனில் ஏறிவிடுகிறார். நல்ல சனம்தான், எல்லாருக்கும் ஷிப்ட் இருந்தது. ஆனால் அன்று பின்னேரம் கடைசி ஆளும் என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனபோது, ஒருவராவது சகுனத்தைத் தள்ளிவைத்துவிட்டு "வாறன்" என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிப் போனேன். எனக்கு அப்போது உன்னைவிட வயது குறைவு.

அதற்குப் பிறகு கதவைத் தட்டியவர்தான் உன் ராணிப் பெரியம்மா. எனக்கு அவரை அதுவரை தெரியாது. கோவிலில் விஷயத்தைக் கேள்விப்பட்டு, குரோய்டனில் இருந்து ரெயினும் டியூபும் மாறி, சீலைத் துணியில் கட்டிய ஒரு சட்டியோடு வந்திருந்தார். உள்ளே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். "என்னெண்டாலும் வயிறு தன்ரை பாட்டைப் பாக்கும் தம்பி, சாப்பிடு" என்று முன்னால் இருந்து சாப்பிட வைத்தார். பிறகு அவரும் ஒன்றும் சொல்லாமல்தான் எழும்பிப் போனார். சட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டாரே என்று நினைத்தேன். அடுத்த கிழமை திரும்பவும் கதவு தட்டப்பட்டது. "சட்டி எடுக்க வந்தனான்" என்றார். கையில் இன்னொரு சட்டி இருந்தது, அதற்குள் இன்னொரு நாள் சாப்பாடு. நிறைந்ததை வைத்துவிட்டு வெறுமையானதை எடுத்துப் போனார். வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது ஊர்ப் பழக்கம். என்னிடம் இருந்தது சீனி மட்டும். ஒரு கைப்பிடியைக் கடதாசியில் சுற்றி உள்ளே போட்டேன். "இதென்ன, எனக்குச் சீனி வருத்தம் வரப் பண்ணப் பாக்கிறியோ?" என்று சிரித்தார். குணம் போன பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. இப்படி ஒவ்வொரு கிழமையும் ஒரு சட்டி என்னிடம் நின்றது. வாறன் என்று வாயால் சொல்ல முடியாத வீட்டில் ராணியக்கா அதைச் சட்டியால் சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது.

ஒரு கிழமை அவருக்குக் கால் ஏலாமல் போனது. தன் சித்தியின் மகளை அனுப்பினார். யாரோ ஒருவரின் பெரிய கோட்டுக்குள் புதைந்துபோய், குடையில் இருந்து தண்ணீர் வடிய வடிய, கதவடியில் ஒரு பெண் நின்றாள்.

"சட்டி எடுக்க வந்தனான்" என்றாள், மனப்பாடம் பண்ணியதை ஒப்புவிப்பதுபோல.

"எந்தச் சட்டி?"

"ராணியக்கான்ரை சட்டி. ஒரு பக்கம் காது இல்லாதது."

சட்டி எனக்குப் பின்னால் மேசையில் கழுவித் துடைத்துக் கவிழ்த்து இருந்தது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. "காணேல்லை. தேடி வைக்கிறன், அடுத்த கிழமை வாங்கோ" என்றேன். அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். சட்டியைக் கண்டுவிட்டாள். கண்டுவிட்டாள் என்று எனக்கும் தெரிந்தது. "ஓம், வடிவாத் தேடி வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அடுத்த கிழமையும் வந்தாள், அப்போதும் எனக்குச் சட்டி அகப்படவில்லை.

அதுதான் உன் அம்மா. அந்த ஒற்றைக் காதுச் சட்டிதான் எனக்குக் கிடைத்த சீதனம். அதை நாங்கள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. ராணியக்கா எங்கள் வீட்டுக்கு வரும் நேரமெல்லாம் வாசலில் நின்று "சட்டி எடுக்க வந்தனான்" என்பார். நான் உள்ளே இருந்து "காணேல்லை, அடுத்த கிழமை வாங்கோ" என்று குரல் கொடுப்பேன். அம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பாள். நீ சின்னவனாக இருந்தபோது ஒருநாள் இந்த அநியாயத்தைப் பொறுக்க மாட்டாமல், அலுமாரிக்கு அடியில் இருந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "பெரியம்மா, ஹியர் இற் இஸ்! அப்பா பொய் சொல்றார்!" என்று கத்தினாய். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியம்மா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இப்ப கை நிறையச் சாமான், பேந்து எடுக்கிறன் ராசா" என்றார்.

சங்கம் தொடங்கிய கதையும் சொல்கிறேன், அது உனக்குப் பாதிதான் தெரியும். என்னைப்போல் ஒற்றை அறையில் செத்த வீடு நடத்தியவர்கள் அந்த நாளில் பலர் இருந்தார்கள். ராணியக்காவால் எத்தனை வீட்டுக்குத்தான் தனியே சட்டி தூக்க முடியும்? அம்மா, நான், இன்னும் கொஞ்சப் பேர் சேர்ந்தோம். குரோய்டனில் ஒரு கடைக்கு மேலே இருந்த மண்டபத்தைக் கூட்டத்துக்கு எடுத்தோம். அது வெள்ளைக்காரரின் பழைய பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமானது. சுவரில் இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்தபடி ஒரு படம், அதற்கு மேலே பெரிய ஒற்றைக் கண். அம்மா அதைப் பார்த்துவிட்டு "இதென்ன, கண்ணூறு படாமலோ?" என்று கேட்டாள். மண்டபத் திறப்பு வைத்திருந்த ஆர்தர் என்ற வயதான மனிதருக்கு நான் தட்டுத்தடுமாறி அதை மொழிபெயர்த்தேன். அவர் சந்தோஷப்பட்டுப் போனார். அந்தப் படத்தைப் பற்றி ஒருவர் கேட்டு எத்தனையோ காலமாம். கண்ணாடி அலுமாரியைத் திறந்து, தங்கள் ஆட்கள் கூட்டங்களில் தோளில் போடும் பட்டியையெல்லாம் எடுத்துக் காட்டினார்.

அவர் சொன்ன கதையைக் கேட்டால் எங்கள் கதைபோலவே இருக்கும். அந்தக் காலத்தில் இந்த நாட்டுத் தொழிலாளிக்கு நோய், வருத்தம் வந்தால் வருமானம் இல்லை. செத்தால் பிச்சைக்காரனைப்போல் பொதுக் குழியில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அதனால் மதுக்கடை மாடிகளில் கூடி, கிழமைக்குக் கிழமை ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பானார்கள். சகோதரர் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். சங்கத்துக்கு என்று ஒரு இரகசியச் சொல் இருக்கும், அதை அடிக்கடி மாற்றுவார்கள். வேலை தேடித் தூர ஊருக்குப் போகிறவன் அங்குள்ள கிளையின் கதவைத் தட்டி அந்தச் சொல்லைச் சொன்னால், முன்பின் தெரியாதவனுக்குப் படுக்கையும் சாப்பாடும் கிடைக்கும். ஒருவன் நோயில் விழுந்தால் உறுப்பினர்கள் முறைவைத்து வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். உதவியும் கொடுக்க வேண்டும், ஆள் உண்மையிலேயே வருத்தமா இல்லை நடிக்கிறானா என்றும் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதும் எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். "எங்கடை சனமும் உப்பிடித்தான், பாக்க வாறது பாதி, பாத்திட்டுப் போய்க் கதைக்கிறது பாதி" என்றார் ராணியக்கா. பிறகு அரசாங்கம் வைத்தியமும் பெனிபிட்டும் கொடுக்கத் தொடங்க, இப்படியான பல சங்கங்களில் ஆட்கள் குறைந்து போனார்கள். "உதவிக் காசு இப்போது தபாலில் வருகிறது. கதவைத் தட்டும் ஆளைத்தான் தபாலில் அனுப்ப முடியாது" என்றார் ஆர்தர். நல்ல மனிதர். அவர் போனபோது அவருடைய மகளின் வீட்டுக்கு அம்மா சட்டியில் பாற்சோறு கொண்டுபோனாள். உறைப்பு அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று பயந்து பயந்து சமைத்தது.

எங்கள் சங்கத்துக்குப் பெரிய பெரிய பெயர்கள் முன்மொழியப்பட்டன. சனம் சட்டிச் சங்கம் என்றது, அதுவே நின்றுவிட்டது. எங்களுக்கும் ஒரு இரகசியச் சொல் தானாக அமைந்தது. தனியாகிப் போனவர்கள் மாடிக் கட்டடங்களில் யார் மணி அடித்தாலும் திறக்கப் பயந்தார்கள். கீழே நின்று பொத்தானை அழுத்தி "சட்டி எடுக்க வந்தனான்" என்றால் மட்டும் கதவு டக்கென்று திறக்கும். சட்டி ஒன்றும் கொடுக்காதவர்கள்கூட அதைச் சொல்லிக்கொண்டு போனார்கள். வருத்தக்காரரையும் வேலை போனவரையும் பார்க்கப் போகவும் அதே சொல்தான். கொரோனாக் காலத்தில் வாசற்படியில் சட்டியை வைத்து, மணியை அடித்துவிட்டு, கேற்றுக்கு வெளியே நின்று அதைச் சொல்லிக் கத்தியிருக்கிறோம்.

ஒரேயொரு முறை பெரிய சண்டை வந்தது. பிரான்சில் இருந்து இங்கே வந்து கடை போட்ட ஒரு தம்பி, நல்ல எண்ணத்தோடுதான், "இனிப் பிளாஸ்ரிக் பெட்டியிலை குடுப்பம். என்ரை கடையிலை இருந்து சும்மா தாறன். கழுவவும் தேவையில்லை, திரும்ப எடுக்க அலையவும் தேவையில்லை" என்றார். பாதிப் பேர் கை தட்டினார்கள். சட்டி எடுக்க அலைந்து எல்லாருக்கும் கால் நோவு. கூட்டத்தில் வாயே திறக்காத உன் அம்மா எழும்பினாள். "எறியிற பெட்டியிலை சாப்பாடு குடுத்தா, குடுத்த கையோடை எங்கடை கடமை முடிஞ்சுது தம்பி. திரும்பப் போறதுக்கு எங்களிட்டை என்ன சாட்டு இருக்கு? நான் சட்டி எடுக்கப் போகாட்டி எனக்கு ஒரு மனிசனே கிடைச்சிருக்க மாட்டார்" என்றாள். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அன்றோடு பெட்டிக் கதை முடிந்தது. எங்கள் சங்கத்துக்கு எழுதாத சட்டம் ஒன்றுதான்: சட்டியைக் கொடுத்தவரே வந்து எடுக்க வேண்டும், வாங்கியவர் தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது. கொடுத்தால், இனி வர வேண்டாம் என்று பொருள். சிலர் அப்படியும் கொடுப்பதுண்டு. தனிமை வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று சங்கம் அதை மதித்து ஒதுங்கிக்கொள்ளும்.

இப்போது விளங்குகிறதா தம்பி, நீ அந்த ஒரே பின்னேரத்தில் லண்டன் முழுக்க ஓடி என்ன சொல்லிவிட்டு வந்தாய் என்று? அதுவும் கார்ட்டில் எழுத்து மூலமாக! எல்லாரும் உன் முகத்தைப் பார்த்து, மகன்காரன் கொண்டுவந்து தருகிறான், தகப்பனுக்கு ஒருவரையும் பார்க்க விருப்பமில்லைப்போல என்று விளங்கிக்கொண்டார்கள். நானும் போன் எடுத்துச் சொல்லவில்லை. "என்னைப் பார்க்க வாருங்கள்" என்று எந்த மனிதனால் போனில் சொல்ல முடியும்? வேலைக்கு நடுவிலும் நீ கிழமைக்குக் கிழமை வந்தாய், அதை நான் மறக்கவில்லை. ஆனால் நீ போன பிறகு மற்ற நாள்கள் இருந்தன. அம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது. ரிவியைப் போட்டுவிட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, மணிச் சத்தம் கேட்குமா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். தபால்காரன் கதவுத் துவாரத்தில் விளம்பரக் கடதாசியைத் தள்ளினாலும் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் சமையலறையில் வெங்காயம் எடுக்கப் போனேன். வெங்காயம் ஒரு புதுக் கூடைக்குள் அழகாக இருந்தது. அம்மா வெங்காயம் போட்டு வைக்கும் ஒற்றைக் காதுச் சட்டியைக் காணவில்லை.

அன்றைக்குத்தான் நான் அழுதேன். சுடலையில்கூட அப்படி அழவில்லை. அந்தச் சட்டியின் அடியிலும் ராணியக்காவின் சிவப்பு நகப்பூச்சு இருக்கிறதுதானே. சின்னவனாக இருந்தபோது கொடுக்கப் பார்த்ததை இப்போது நீ நியாயமாகக் கொடுத்து முடித்துவிட்டாய். எத்தனையோ வருடமாகத் "தேடி வைக்கிறன்" என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்தது போய்விட்டது, உன் அம்மாவும் இன்னொருதரம் போய்விட்டதுபோல இருந்தது எனக்கு.

கோடையில் ஒருநாள் மணி அடித்தது. திறந்தால் ராணியக்கா. இரண்டு முழங்காலும் ஏலாத மனிசி, ஒரு கையில் ஊன்றுகோல், மற்றக் கையில் பை. குரோய்டனில் இருந்து ட்ராமில் விம்பிள்டனுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். வாசலில் நின்று மூச்சு வாங்கினார். நான் அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை.

"உன்ரை மோன் நல்ல பிள்ளை. வடிவாக் கழுவித் துடைச்சுத் தந்தவன்" என்றார். "நீ எங்களை வரவேண்டாம் எண்டு சொல்லி அனுப்பினதெண்டு நினைச்சுக் கொஞ்ச நாள் கோவத்திலை இருந்தனான். பிறகு இந்தச் சட்டியைப் பாத்தன். இதை நீ தரமாட்டாய். செத்தாலும் தரமாட்டாய். அப்ப இது பெடியன்ரை வேலை எண்டு விளங்கீட்டுது."

பைக்குள் இருந்து ஒற்றைக் காதுச் சட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை முன்னால் இருந்தார். இரண்டு பேரும் அம்மாவையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு சட்டியைத் திரும்பிப் பார்க்காமல் எழும்பிப் போனார். அன்று பின்னேரம் வாட்ஸ்அப் குழுவில் அவர் என்ன குரல் செய்தி போட்டாரோ தெரியாது, அந்தக் கிழமையே வாசலில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. நீ இப்போது வரும்போதெல்லாம் "அப்பா, ஏன் திரும்பவும் இவ்வளவு சட்டி?" என்று கேட்கிறாய். இதுதான் ஏன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நான் விமானம் ஏறியது என் வாழ்வில் ஒரேயொரு பயணத்துக்கு, இங்கே வந்த பயணத்துக்கு. வேறொருவனின் பெயரைச் சொந்தப் பெயராக மனப்பாடம் பண்ணிக்கொண்டு, யார் என் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெயரையே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு சொந்தப் பெயரில் பாஸ்போர்ட் கிடைத்தும், எயார்போட் என்றால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். நீயும் அம்மாவும் யாழ்ப்பாணம் போனபோது நான் ஷிப்ட் என்று சொல்லி நின்றுகொண்டது அதனால்தான். "பாப்பம்" என்று உனக்குச் சொன்னதும் அதனால்தான், உன்னிடம் வர விருப்பம் இல்லாமல் இல்லை. இரவில் படுக்கும்போது உன் புது வீட்டின் வாசல் எந்தத் திசை பார்த்திருக்கும் என்று யோசிக்கிறேன். எனக்குப் பிள்ளை நீ ஒருவன்தான். உன்னைப் பார்க்காமல் இருக்க என்னால் ஏலாது. அதை இப்படி வெளிப்படையாக எழுதுவதற்கே எனக்கு இத்தனை பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

உனக்கு நான் சொல்லும் புத்தி ஒன்றுதான். புது ஊரில் யாருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று கணக்கைக் கையோடு தீர்த்துக்கொண்டு வாழாதே. பக்கத்து வீட்டுக்காரி எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும், ஒரு கோப்பையில் ஏதும் தந்தால், அந்தக் கோப்பையைக் கொஞ்ச நாள் உன் வீட்டில் வைத்திரு. அவள் எடுக்க வரட்டும். நீ கொடுக்கும்போதும் திரும்பப் போய் எடுக்கக்கூடிய ஒன்றில் கொடு. ஒருவருக்கு ஒருவர் கொஞ்சம் பாக்கி இருந்தால்தான் போக்குவரத்து இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வரும்போது ஒற்றைக் காதுச் சட்டியை உன்னிடம் தரப் போகிறேன். ராணியக்காவிடம் உத்தரவு வாங்கிவிட்டேன். பெட்டியின் எடையைப் பற்றிக் கதைக்காதே, அது தட்டினால் பறக்கிற அலுமினியம். வெறும் சட்டி கொடுக்கக்கூடாது, ஆனால் அவுஸ்திரேலியாவுக்குள் சமைத்த சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்கிறாய். அதனால் இந்தக் கடிதத்தை அதற்குள் வைத்துத் தருகிறேன். மெல்பேர்னில் அதில் வெங்காயம் போட்டு வை. கழுவு, மினுக்கு, ஆனால் பார்சலில் மட்டும் திருப்பி அனுப்பிவிடாதே. சட்டம் உனக்கு இப்போது தெரியும், கொடுத்தவன்தான் வந்து எடுக்க வேண்டும்.

ஒருநாள் உன் வீட்டு மணி அடிக்கும். வெளியே ஒரு கிழவன், உள்ளங்கை இன்னும் வேர்த்தபடி நின்று, "சட்டி எடுக்க வந்தனான்" என்பான். நீ பொறுப்பான பிள்ளை, உடனே ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டுவாய் என்றுதான் எனக்குப் பயம். நீட்டாதே ராசா. காணேல்லை, அடுத்த கிழமை பாப்பம் என்று சொல்லு. அடுத்த கிழமையும் அதையே சொல்லு.

வாறன்.

அப்பா